சர்வதேச அமைப்பில் பணியேற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்தவர்கள் காட்டும் திட்ட வரைவுகளில், எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளைத்தான் பார்க்கிறேன். சுருக்கப் பெயர்களைக் குழப்பிக்கொள்வது, கூட்டக் குறிப்பைத் தாமதமாக அனுப்புவது போன்றவை தாமாகவே சரியாகிவிடும். சரியாகாதவற்றை உலக சுகாதார நிறுவனத்தை வைத்துச் சொல்கிறேன்.

மொத்த பட்ஜெட்டைக் கையிருப்பு என்று நினைப்பது

இன்றும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான். உறுப்பு நாடுகள் கட்டாயமாகச் செலுத்தும் சந்தா, நிறுவனத்தின் வரவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாமல் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. மீதி நன்கொடை. அதில் பெரும்பகுதி இன்ன நோய்க்கு, இன்ன நாட்டுக்கு, இன்ன தேதிக்குள் என்ற நிபந்தனையோடுதான் வருகிறது.

ஒரு நாட்டு அலுவலகத்தில் நடந்தது இது. தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது; போலியோ கணக்கில் பணம் மீதமிருந்தது. இளம் அதிகாரி ஒருவர் அதை நம்பித் தடுப்பூசி முகாம்களைத் திட்டமிட்டு, மாவட்டங்களுக்குத் தேதியும் அறிவித்துவிட்டார். போலியோவைத் தவிர வேறெதற்கும் அந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அதை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. முகாம்கள் தள்ளிப்போயின. நோய் தள்ளிப்போகவில்லை. அதன்பின் நாங்கள் சொன்ன எந்தத் தேதியையும் மாவட்ட மருத்துவர்கள் நம்பவில்லை.

சந்தாவைப் படிப்படியாக உயர்த்தி, 2030-31க்குள் 2022-23ஆம் ஆண்டுகளின் அடிப்படை பட்ஜெட்டில் பாதி அளவுக்குக் கொண்டுவருவதென 2022இல் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. நல்ல முடிவு. ஆனால் அமெரிக்கா விலகுவதாக அறிவித்தபின், 2026-27க்கு முன்மொழியப்பட்ட 530 கோடி டாலர் பட்ஜெட் 420 கோடியாகக் குறைந்தது. இந்த நிலையில் திட்டம் எழுதுமுன் நிதி அலுவலரிடம் போங்கள். ஒவ்வொரு நன்கொடையின் நிபந்தனையையும் முடிவுத் தேதியையும் கேட்டு வாங்குங்கள். நோக்கத்தை மாற்ற வேண்டுமானால் முதலில் நன்கொடையாளரின் எழுத்துமூலச் சம்மதம். தேதி அறிவிப்பெல்லாம் அதற்குப் பிறகு.

ஜெனீவா தலைமையகம் சொன்னால் நடந்துவிடும் என்று நம்புவது

ஆறு பிராந்திய இயக்குநர்களையும் அந்தந்தப் பிராந்தியத்து நாடுகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றன, நிறுவனத்தின் செயற்குழு நியமிக்கிறது. அவர்களைத் தலைமை இயக்குநரின் கீழதிகாரிகள் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவுவது 2014 மார்ச்சில் தெரியவந்தது. சர்வதேச அவசரநிலை ஆகஸ்ட் 8இல்தான் அறிவிக்கப்பட்டது. தலைமையகத்துக்கும் பிராந்திய, நாட்டு அலுவலகங்களுக்கும் இடையே இருந்த இடைவெளியும் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம்.

வாக்கெடுப்புக்காகக் காத்திருப்பது

உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதார மாமன்றத்தில் பெரும்பாலான தீர்மானங்களுக்கு வாக்கெடுப்பே கிடையாது; ஒருமித்த கருத்தில்தான் நிறைவேறுகின்றன. வரைவுக் குழுவில் வாசகம் முடிவாகும்போது அங்கே இருங்கள்.