சோகமாக இல்லை, சிடுசிடுப்பாக இருக்கிறான்: பிள்ளைகளின் மனச்சோர்வைக் கண்டுகொள்வது

பள்ளியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். மனச்சோர்வு என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு என் அறைக்கு எந்தப் பிள்ளையும் வருவதில்லை. "எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறான்", "வயித்துவலின்னு சொல்லி அடிக்கடி லீவு கேக்கறா", "வீட்டுப்பாடம் எழுதறதே இல்லை, திமிர்" என்ற புகார்களோடுதான் அனுப்பி வைக்கப்படுகிறார்கள். முகம் வாடியிருக்கும், கண் கலங்கியிருக்கும் என்று நாம் எதிர்பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகளிடம் அது பல சமயம் சிடுசிடுப்பாக வெளிப்படுகிறது. மனநல மருத்துவர்கள் கையாளும் டிஎஸ்எம்-5 கையேடும், சிறுவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் சோகத்தின் இடத்தில் எரிச்சல் இருக்கலாம் என்றே சொல்கிறது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டால் ஒன்றும் பிடிபடாது. சில மாதங்களுக்கு முன்பு இதே பிள்ளை எப்படி இருந்தது என்று யோசியுங்கள்.

நோட்டுப் புத்தகத்தை வாங்கினால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். பாடம் நடக்கும்போது கை தானாகக் கிறுக்குகிற இடம் அது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் நோட்டில் நகத்தளவு பூனைகள் வரிசையாக இருந்தன: ஒன்று சோம்பல் முறிக்கும், ஒன்று வாலைத் துரத்தும். அடுத்த பருவத்து நோட்டில் பூனையே இல்லை. பாடப் பக்கங்களில் தேதியும் தலைப்பும் மட்டும் இருந்தன, கீழே வெற்றிடம், அதன்மேல் சிவப்பு மையில் 'முழுமையில்லை'. வீட்டில் கேட்டால், "இப்பதான் சேட்டையை விட்டுட்டு அடக்கமா இருக்கா" என்று சந்தோஷப்பட்டார்கள். கத்துகிற பிள்ளைக்குத் தண்டனையாவது கிடைக்கிறது. இப்படி ஓசையில்லாமல் ஒதுங்குகிற பிள்ளையை யாரும் பார்ப்பதே இல்லை.

கவனிக்க வேண்டியவை இவைதான். சோகமோ எரிச்சலோ, பிடித்த விஷயத்தில்கூட நாட்டமின்மையோ, நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும், 2 வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா? கூடவே தூக்கம், பசி, சுறுசுறுப்பு, கவனம் இவற்றில் மாற்றம் தெரிகிறதா? 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்கிற பேச்சு வருகிறதா? சின்னப் பிள்ளைகளுக்கு எடை குறையாமலே போகலாம். வயதுக்கேற்றபடி ஏற வேண்டிய எடை ஏறாமல் நின்றாலும் அது ஓர் அறிகுறி. நடுவில் ஒரு நாள் விழுந்து விழுந்து சிரித்தான் என்பதை வைத்து 'அவனுக்கு ஒண்ணுமில்லை' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எப்போது தூங்கினான், என்ன சாப்பிட்டான், யாரோடு பேசினான் என்று தினமும் இரண்டு வரி எழுதி வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது 'எப்பப் பாத்தாலும் இப்படித்தான்' என்பதைவிட அந்த இரண்டு வரிகள் அதிகம் உதவும்.

அடுத்தது பேச்சு. எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். நடந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ, பக்கவாட்டில் இருக்கும்போது ஆரம்பியுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "கொஞ்ச நாளா சாப்பாட்டை அப்படியே வெச்சிடறே. ராத்திரி ரொம்ப நேரம் முழிச்சிருக்கே. என்னன்னு எனக்குத் தெரியலை, அதான் கேக்கறேன்." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு இதுதான் ஆகக் கடினம். மௌனம் தாங்காமல் அறிவுரையை இட்டு நிரப்பிவிடுவார்கள். "ஒண்ணுமில்லை" என்று பதில் வந்தால், "சரி, ஆனா மறுபடியும் கேப்பேன்" என்று விட்டுவிட்டு, சொன்னபடி மறுபடியும் கேளுங்கள். "உனக்கு இங்க என்ன குறை?" என்ற கேள்வி மட்டும் வேண்டவே வேண்டாம். வருத்தப்படக்கூடத் தனக்கு உரிமையில்லை என்றுதான் பிள்ளை அதைப் புரிந்துகொள்ளும். சின்னவர்களுக்கு உணர்வைச் சொல்ல வார்த்தை கிடைக்காது. "உடம்புல எங்க கனமா இருக்கு?" என்று கேட்டால் கை தானாக நெஞ்சுக்கோ வயிற்றுக்கோ போகும். அந்த வயிற்றுவலியும் நடிப்பு இல்லை, நிஜமாகவே வலிக்கும்.

சாவைப் பற்றியும் நேராகக் கேளுங்கள். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணத்தை நாம் விதைத்துவிடுவதில்லை. ஏற்கெனவே அதைத் தனியாகச் சுமக்கிற பிள்ளைக்கு யாரோ கேட்டார்களே என்ற ஆறுதல்தான் கிடைக்கும். 'ஆமாம்' என்றாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட தழும்பு கண்ணில் பட்டாலோ 2 வாரக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிக்கொல்லி, பிளேடு எல்லாவற்றையும் கைக்கு எட்டாமல் பூட்டுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண் இருந்தால் அதையும் அழையுங்கள். 'யாருகிட்டயும் சொல்லாதே' என்று பிள்ளை கெஞ்சினாலும் அந்த வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள்.

முதலில் குழந்தைநல மருத்துவர் போதும். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே சோர்வைத் தரும் என்பதால் அவற்றைப் பரிசோதித்துவிட்டு மனநல மருத்துவரிடம் அனுப்புவார். பள்ளியில் யாராவது துன்புறுத்துகிறார்களா, தகாதபடி யாராவது தொட்டார்களா, சமீபத்தில் இழப்பு ஏதும் நேர்ந்ததா என்றும் கேட்பார். ஒளிக்காமல் சொல்லுங்கள்.

தீவிரம் குறைவாக இருந்தால் பேச்சு சிகிச்சையில் தொடங்குவார்கள். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பயிற்சி தரும் சிபிடி அதில் ஒன்று. மருந்து என்றதும் வீட்டில் சண்டை வரும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஃபுளூக்ஸெடின் என்ற மருந்தை 8 வயதிலிருந்தே மனச்சோர்வுக்கு அனுமதித்திருக்கிறது. அதே அமைப்பு 2004இல், இவ்வகை மருந்துகளால் சிறுவர்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கையை அட்டையில் கறுப்புக் கட்டம் போட்டு அச்சிடச் சொன்னது. என் கருத்து, இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்: மருந்து தேவை என்று மருத்துவர் சொன்னால் கொடுங்கள், முதல் சில வாரங்கள் கண்கொத்திப் பாம்பாக இருங்கள். பலன் தெரியவும் சில வாரங்கள் ஆகும்.

வீட்டில், 'ஆசை வரட்டும், அப்புறம் செய்யட்டும்' என்று காத்திருந்தால் ஆசை வராது. கூடவே போய்ப் பத்து நிமிடம் பந்து போடுங்கள், அதோடு நிறுத்துங்கள். 'எல்லாம் இந்த ஃபோனால்தான்' என்று அதைப் பிடுங்கி வைப்பது பெற்றோரின் கோபத்தைத்தான் தணிக்கும்; பல பிள்ளைகளுக்கு மிச்சமிருக்கும் ஒரே நட்பு அதில்தான் இருக்கிறது. தூங்கும் நேரத்துக்கு மட்டும் வெளியே வையுங்கள். பள்ளியிடம் இரண்டே கேளுங்கள்: வீட்டுப்பாடத்தைத் தற்காலிகமாகக் குறைப்பது, தாங்கமுடியாதபோது எழுந்து போய்ப் பார்க்க ஓர் ஆசிரியர். அம்மாவோ அப்பாவோ இதே சோர்வில் இருந்தால் அவர்களும் சிகிச்சை எடுக்கட்டும். அம்மா தேறினால் பிள்ளையும் தேறுவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

சரியான பிறகும் சில மாதங்கள் மருந்து தொடரும். மார்க் ஏறிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தும் காலத்தை, தேர்வோ பள்ளி மாற்றமோ குறுக்கிடாத நேரமாகப் பார்த்து மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அளவைப் படிப்படியாக அவர்தான் குறைப்பார்.