மாட்டு வைத்தியத்தில் பிளாஸ்டிக்கைக் குறைக்கிறோம் என்று செய்யும் தவறுகள்

இலங்கையின் அம்பாறை பள்ளக்காடு குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. அதே பொலித்தீன் வயிற்றில் அடைத்து மெலிந்து சாகும் பட்டி மாடுகளுக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. வைத்தியம் செய்யப் போகிறவர்களும் பட்டிக்குள் பிளாஸ்டிக் கொண்டுபோகிறோம் என்பதுதான் எனக்கு வேதனை.

முதல் தவறு, சினை பார்க்கவும் சினை ஊசி போடவும் மாட்டும் தோள்வரை நீண்ட கையுறையைக் கழற்றி வேலியோரம் வீசுவது. மாடு ஆட்டைப்போல் பொறுக்கித் தின்னாது. நாக்கால் சுருட்டி விழுங்கிவிட்டுப் பிறகுதான் அசைபோடும். கையுறை முதல் இரைப்பையில் தங்கிவிடும், செரிக்காது. ஊசிமுனை என்றால் இன்னும் மோசம், இரண்டாம் இரைப்பையைத் துளைத்து இதயம் வரை போகலாம். மயிலத்தமடு, மாதவனை மாதிரித் தூரத்து மேய்ச்சல்தரைக்குக் குப்பை வண்டியா வரப்போகிறது? மூடி போட்ட வாளியும், ஊசிகளைப் போடத் தடித்த போத்தலும் கூடவே போகட்டும். கொண்டுபோனதெல்லாம் திரும்பி வரவேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறுதான் மிக ஆபத்தானது: பிளாஸ்டிக் மிச்சம் என்று ஒரே ஊசியால் பட்டி முழுவதற்கும் குத்துவது. இரத்தத்தில் இருக்கும் அனாப்பிளாஸ்மா போன்ற கிருமிகள் ஊசி வழியாகவே அடுத்த மாட்டுக்குப் போகும். மாட்டைக் கன்று வீசவைக்கும் (கருச்சிதைவு) புரூசெல்லாக் கிருமி மனிதருக்கும் தொற்றும். கன்று வீசிய மாட்டைக் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. இந்த இடங்களில் சிக்கனம் வேண்டாம்.

சிக்கனத்துக்கு வேறு இடம் இருக்கிறது. மாத்திரையைக் கடதாசி உறையில் கொடுக்கலாம். சத்திரசிகிச்சைக்கு அவித்துத் திரும்பப் பாவிக்கும் பருத்தி விரிப்பு போதும். தடுப்பூசி நாளில், கிருமிநீக்கம் செய்யக்கூடிய உலோகச் சிரிஞ்சை வைத்துக்கொண்டு ஊசியை மட்டும் மாட்டுக்கு மாடு மாற்றலாம். அப்புறம், சுத்தமான மேலுறைகளை இரத்தம் பட்ட கழிவோடு கலக்காதீர்கள். கலந்தால் எல்லாமே தொற்றுக் கழிவுதான்.

குழி வெட்டி எரிப்பதும் தீர்வல்ல. சேலைன் குழாய்கள் பெரும்பாலும் பிவிசி என்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக். திறந்த வெளியில் எரித்தால் டயொக்சின் என்ற நச்சு உண்டாகி, புல்லில் படிந்து, மாட்டின் கொழுப்பில் சேர்ந்து, பாலில் வரும். தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பில் இதை எப்படிச் சும்மா விடுவது? கழிவை மிகுந்த சூட்டில் மூடி எரிக்கும் எரியூட்டி உள்ள வைத்தியசாலையோடு பேசி அங்கே அனுப்ப ஏற்பாடு செய்வதே சரி.

வெறும் உண்ணி மருந்துப் போத்தலை யாரும் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கழுவினாலும் அது பாலுக்கோ தண்ணீருக்கோ ஆகாது. துளையிட்ட பிறகே கழிவில் போடவேண்டும்.