ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக்கா, செடானா? வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்கக் கடைக்கு வந்தார். செடான் (பின்னால் தனி டிக்கி நீண்டிருக்கும் கார்) வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. முன் டயர் இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் புதுசு போலவே இருந்தன. லிஃப்டில் ஏற்றி உள்பக்கம் கை வைத்தேன். ரப்பர் முழுக்கத் தேய்ந்து, உள்ளே இருக்கும் கம்பி விரலில் குத்தியது. நிமிர்ந்து பார்த்தால் ஸ்பிரிங் கம்பெனி ஸ்பிரிங் இல்லை. வண்டியைத் தாழ்த்துவதற்காக வெளியே மாற்றியிருக்கிறார்.

"ஹேட்ச்பேக்தான்ணா எடுக்கணும்னு இருந்தேன். வீட்ல டிக்கி வேணும்னாங்க. சரி, செடானை எடுத்துட்டு அப்புறமா ஸ்போர்ட்டியா பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார். ஹேட்ச்பேக் என்றால் தனி டிக்கி நீளாமல், பின் கதவு மேலே தூக்கித் திறக்கும் கார்.

2014-ல் இதையே நானும் சொன்னேன், வார்த்தை மாறாமல். கோயம்புத்தூரில் டயர், அலைன்மென்ட் வேலை செய்கிறேன். நான் விழுந்த குழியிலேயே அடுத்தடுத்து ஆட்கள் விழுவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மைலேஜ், ஆஃபர், பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேட்ஜை நம்பி எடுப்பது

ஹூண்டாய் ஐரோப்பாவில் ஐ20 என் (ஆங்கில N) என்று ஒரு கார் விற்றது. 1.6 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளிச் சக்தியைக் கூட்டும் எஞ்சின்), 204 பிஎஸ் (குதிரைத்திறன்). நம் நாட்டுக்கு 2021-ல் வந்தது ஐ20 என் லைன். 1.0 லிட்டர் டர்போ, 120 பிஎஸ். பெயரில் ஒரு சொல்தான் கூடுதல், வண்டியே வேறு. என் லைன் மோசம் என்று சொல்லவில்லை. சஸ்பென்ஷனை இறுக்கியிருக்கிறார்கள், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் இருக்கிறது, ஸ்டீயரிங்கில் கனம் இருக்கிறது. அந்த விலையில் எனக்குப் பிடித்த வண்டி அது. ஆனால் வெளிநாட்டு வீடியோவில் ஐ20 என் ஓடுவதைப் பார்த்துவிட்டு, அதே வண்டி என்று நினைத்து ஷோரூமுக்குப் போகாதீர்கள்.

சிவப்புக் கோடும் கறுப்புக் கூரையும் போட்டு 'ஸ்போர்ட்' என்று விற்கும் வேரியன்ட்களும் சந்தையில் உண்டு. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சாதாரண மாடலை விட இதில் ஸ்பிரிங், டேம்பர் (ஷாக் அப்சார்பர்), பிரேக், ஸ்டீயரிங் இந்த நான்கில் எது மாறியிருக்கிறது? எதுவும் மாறவில்லை என்றால் கூடுதல் பணம் ஸ்டிக்கருக்குத்தான் போகிறது.

"செடானை எடுத்து, அப்புறம் மாத்திக்கலாம்"

இதைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

நான் எடுத்தது ஒரு டீசல் செடான். மனசில் இருந்தது ஹேட்ச்பேக். அப்பாவுக்குக் கால் நீட்ட இடம் வேண்டும், அம்மாவுக்கு முதுகுவலி, பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் அடிக்கடி போகிற குடும்பம். வீட்டில் பேசி செடான் என்று முடிவானது. அந்த முடிவில் தப்பே இல்லை. தப்பு அடுத்த மாதம் ஆரம்பித்தது. தாழ்த்தும் ஸ்பிரிங் செட் 22,000 ரூபாய். 17 அங்குல அலாய் சக்கரமும் டயரும் 95,000. சக்தியைக் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்ற (ரீமேப்) 25,000. சைலன்சர் 18,000. மொத்தம் 1,60,000 ரூபாய், எல்லாம் ஒரே வருடத்துக்குள்.

முதலில் போனது டயர். கம்பெனி போட்டுக் கொடுத்தது 185/65 ஆர் 15. அதாவது அகலம் 185 மில்லிமீட்டர், அதில் 65 சதவீதம் பக்கவாட்டு உயரம்; ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் 120 மில்லிமீட்டர் ரப்பர். நான் போட்டது 205/45 ஆர் 17. அதில் 92 மில்லிமீட்டர்தான். சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றுதான், குறைந்தது குழியின் அடியை வாங்கிக்கொள்ளும் மெத்தை. அந்த மழைக்காலத்தில் பல்லடம் ரோட்டில் தண்ணீர் நின்ற ஒரு குழியில் இறங்கியதும் ஒரு அலாய் விரிசல் விட்டது, டயர் பக்கவாட்டில் முட்டை மாதிரி புடைத்தது.

அடுத்தது டேம்பர். அதற்கென்று அளவெடுத்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் குட்டையான ஸ்பிரிங் போட்டால், டேம்பர் தன் நடுநிலையை விட்டுக் கீழே வேலை செய்ய வேண்டியிருக்கும். ஒவ்வொரு வேகத்தடையிலும் பம்ப் ஸ்டாப்பில் (டேம்பர் முழுக்க அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) போய் இடிக்கும். 14,000 கிலோமீட்டரில் முன் டேம்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்தது. அப்புறம் கிளட்ச். ரீமேப் கொடுத்த கூடுதல் டார்க்கை (சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசை) தாங்குகிற மாதிரி அந்த கிளட்சைச் செய்யவில்லை. நான்காவது கியரில் மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. வாரன்டி கிடையாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

இதையெல்லாம் விட எனக்கு வலித்தது வேறு. ஒரு நாள் பழனி போய்விட்டுத் திரும்பும்போது உடுமலையில் அம்மா இறங்கிக்கொண்டார். "என்னால முடியலடா, நான் பஸ்ஸுல வந்துடறேன்" என்றார். அவர் முதுகுக்காகத்தானே செடான் எடுத்தோம்? அதையும் கெடுத்துவிட்டேன். சரி, பதிலுக்கு ஹேட்ச்பேக்காவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை.

ஏன் கிடைக்காது என்பது அளவிலேயே தெரியும். ஒரே கம்பெனியின் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஹூண்டாய் ஐ20 ஹேட்ச்பேக்கின் நீளம் 3,995 மில்லிமீட்டர், வெர்னா செடான் 4,535. வித்தியாசம் 540. ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பார்த்தால், 2,580-க்கும் 2,670-க்கும் வெறும் 90 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். மீதி 450 மில்லிமீட்டரும் சக்கரங்களுக்கு வெளியே இருக்கிறது, அதில் பெரும்பகுதி பின்னால் டிக்கியாக. பின் ஆக்சிலுக்கு அப்பால் தொங்கும் அந்த எடைதான், வளைவில் இடமிருந்து வலம் சட்டென்று திருப்பும்போது வண்டியின் வாலைக் கொஞ்சம் தாமதமாக வர வைக்கிறது. ஸ்பிரிங் மாற்றினால் உடம்பு சாய்வது குறையும். வால் குறையாது.

இன்னொன்று, என் தொழில் சார்ந்தது. இந்த வகைக் கார்களில் முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்த தூண்), பின்னால் ட்விஸ்ட் பீம் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே சட்டம்). வண்டியைத் தாழ்த்தினால் முன் சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாயும் (இந்தச் சாய்வுதான் கேம்பர்), டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும். டோவை நாங்கள் சரிசெய்துவிடலாம். கேம்பரைச் சரிசெய்யப் பெரும்பாலான வண்டிகளில் வழியே வைக்கவில்லை. பின் பீமில் எதையுமே திருக முடியாது. "அலைன்மென்ட் பண்ணினா சரியாயிடும்" என்று ஸ்பிரிங் விற்பவர் சொல்வார். ஆகாது. அந்தத் தம்பியின் டயர் உள்பக்கம் தேய்ந்தது இதனால்தான்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே வருடம் வந்த திருத்தம், உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றியிருந்தால், விபத்து நடந்த அன்று பேச்சு வேறு மாதிரி போகும்.

வேகமும் வேண்டும், டிக்கியும் வேண்டும் என்றால் கம்பெனியே செய்த வண்டியை எடுங்கள். வெர்னா 1.5 டர்போ 160 பிஎஸ், 253 நியூட்டன் மீட்டர் டார்க். ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் 1.5 டிஎஸ்ஐ 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். இரண்டிலும் 500 லிட்டருக்கு மேல் டிக்கி. விலை கையைக் கடிக்கும்தான். என் 1,60,000 ரூபாயை அன்றே அடுத்த வேரியன்டில் போட்டிருந்தால் கிளட்ச், பிரேக், டயர் எல்லாம் அந்த எஞ்சினுக்கென்றே செய்ததாக வந்திருக்கும், வாரன்டியோடு.

தலைகீழாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக் எடுத்துவிட்டு, "குலுங்குது" என்று டயரில் காற்றைக் குறைத்து ஓட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம். காற்று குறைந்த டயர் பக்கவாட்டில் மடங்கி மடங்கிச் சூடாகும், நெடுஞ்சாலையில் வெடிக்கவும் கூடும்.

ஷோரூம் விலையை மட்டும் ஒப்பிடுவது

ஹேட்ச்பேக்குகள் ஏன் 3,995 மில்லிமீட்டரில் வந்து நிற்கின்றன? வரிதான் காரணம். 2006 பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். அன்று போட்ட 4 மீட்டர் கோடு இன்றும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள்ளும் பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள்ளும் (டீசல் என்றால் 1,500) இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். தாண்டினால் 40. இது ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது.

அதற்கு மேல் தமிழ்நாட்டின் ஆயுள் வரி. 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18, 20 லட்சத்தைத் தாண்டினால் 20. கணக்குப் போட்டுப் பாருங்கள். 9,95,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,350. 10,25,000 ரூபாய் வண்டிக்கு 1,84,500. விலையில் 30,000 கூடுகிறது, வரியில் 55,150 கூடுகிறது. சன்ரூஃபுக்காக ஒரு வேரியன்ட் மேலே போகும் முன் இந்தக் கோட்டைத் தாண்டுகிறீர்களா என்று பாருங்கள். ஆன்ரோடு விலையை எழுதி வாங்காமல் எதையும் ஒப்பிடாதீர்கள்.

டிக்கியை லிட்டரில் மட்டும் அளப்பது

வெர்னா 528 லிட்டர், ஐ20 311. எண்ணைப் பார்த்தால் பேச்சே வேண்டாம். ஆனால் என் தங்கை கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் ஏற்றும்போது, செடானின் டிக்கிக்குள் இடம் இருந்தும் பித்தளை அண்டா வாய் வழியாக நுழையவில்லை. பக்கத்து வீட்டு ஹேட்ச்பேக்கில் பின் சீட்டை மடக்கி, கதவைத் தூக்கி, அண்டாவை நிற்க வைத்தே கொண்டுபோனோம். நான்கு பேரும் நான்கு பெட்டியும் ஒன்றாகப் போகிற வீடு என்றால் செடான். இரண்டு பேரும் சில நேரம் ஒரு பெரிய பொருளும் என்றால் ஹேட்ச்பேக். நீங்கள் வழக்கமாக ஏற்றும் பெரிய சாமானின் அகலத்தையும் உயரத்தையும் டேப்பில் அளந்துகொண்டு போய், டிக்கியின் வாயை அளந்து பாருங்கள்.

குதிரைத்திறன் எண்ணை மட்டும் பார்ப்பது

ஐ20 என் லைன் 120 பிஎஸ், டர்போ இல்லாத 1.5 லிட்டர் வெர்னா 115 பிஎஸ். தாளில் ஒன்றுபோல இருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், அங்கே நான்கு பேரோடு ஏறிப் பாருங்கள். டர்போவில் 172 நியூட்டன் மீட்டர், எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போதே கிடைத்துவிடும். மற்றதில் 144 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,500 சுற்றில். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஒன்று இரண்டாவது கியரிலேயே இழுக்கும், இன்னொன்றைக் கத்த வைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஆனால் டர்போவும் 1,500-க்குக் கீழே விழுந்துவிட்டால் சின்ன எஞ்சின்தான், ஒரு மூச்சு வாங்கித்தான் எழும். நகர நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகிறவருக்கு டர்போ இல்லாத எஞ்சினே சுகம். தினம் எந்த ரோட்டில் ஓட்டுகிறீர்களோ, அதை வைத்து முடிவெடுங்கள்.

பின் சீட்

பெரியவர்களை ஏற்றி இறக்கிப் பாருங்கள். செடானின் பின் கூரை சரிவு, தலை குனிந்து கீழே உட்கார வேண்டியிருக்கும்.

டெஸ்ட் டிரைவ்

ஷோரூம்காரர் காட்டும் நல்ல ரோட்டில் தனியாக ஓட்டினால் ஹேட்ச்பேக்தான் பிடிக்கும், எல்லாருக்கும். வீட்டு ஆட்களோடு போங்கள். உங்கள் தெரு வேகத்தடை மேல் ஏற்றுங்கள், அடி தட்டுகிறதா என்று காது கொடுங்கள். முக்கியமாக, கிளம்பும் முன் டயர் காற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். டெமோ வண்டிகளில் காற்று கூடவோ குறையவோ இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அளவுக்கு மேல் காற்று இருந்தால் மென்மையான செடான்கூடக் கல் மாதிரி இருக்கும். ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு ஓட்டுங்கள்.

பழைய வண்டி என்றால்

லிஃப்டில் ஏற்றாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்றால் கால் மணி நேரம் நெரிசலில் ஊர்ந்து ஓட்டுங்கள். நடுக்கம் இருந்தால் அங்கேதான் தெரியும்.

ஏற்கெனவே தாழ்த்திவிட்டவர்களுக்கு

கம்பெனி ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுங்கள். பம்ப் ஸ்டாப்பையும் டேம்பரையும் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் அலைன்மென்ட். நீங்கள் சக்கரம் மாற்றினாலும் சரி, ஸ்பிரிங் மாற்றினாலும் சரி, கழற்றிய பழைய பாகங்களை விற்காதீர்கள். அந்தத் தம்பி தன் பழைய ஸ்பிரிங்கை 2,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். புதுசு விலையைக் கேட்டுவிட்டு, இப்போது உக்கடம் பழைய பார்ட்ஸ் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறார். நானும் தெரிந்த இரண்டு கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன்.