ரிச்சி தெருவில் வாங்கிய டிஸ்க்கிடம் நேரடியாகப் பேச

சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் பழைய டிஸ்க் வாங்கினால், மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாமல் டிஸ்க்கையே பெயர் கேட்டுவிடுவது என் வழக்கம். லினக்ஸில் இதற்காக ஓஎஸ்ஸின் மையமான கர்னலுக்குள் கை வைக்க வேண்டாம். டிஸ்க் போன்ற சாதனங்களோடு கணினி பேசும் கட்டளை மொழிதான் ஸ்கஸி, அதற்கு எஸ்ஜி என்கிற ஸ்கஸி ஜெனரிக் டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது, நம் சாதாரண சி புரோகிராம் கொடுக்கும் ஸ்கஸி கட்டளையை அது அப்படியே சாதனத்துக்கு அனுப்பிவிடும். இந்தக் காலத்தில் ஸ்கஸி யாரிடம் இருக்கிறது என்று கேட்காதீர்கள், யுஎஸ்பி பென்டிரைவும் சாட்டா டிஸ்க்கும் லினக்ஸுக்குள் ஸ்கஸி வேஷத்தில்தான் வரும். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி மட்டும் இதில் சேராது.

முதலில் எல்எஸ்ஸ்கஸி கட்டளையை ஜி ஆப்ஷனோடு ஓட்டுங்கள், எந்த டிஸ்க்குக்கு எந்த எஸ்ஜி எண் என்று காட்டும். எண்ணே வரவில்லையா, மாட்புரோப் கட்டளை மூலம் எஸ்ஜி மாட்யூலை ஏற்றுங்கள்.

சரி, இனி கோடு. டெவ் டைரக்டரியில் உள்ள அந்த எஸ்ஜி ஃபைலை ரூட்டாக, ரீட்-ரைட் முறையில் திறக்க வேண்டும். எஸ்ஜி ஐஓ ஹெடர் என்ற ஸ்ட்ரக்சரை முழுக்கப் பூஜ்யமாக்கிவிட்டு, இன்டர்ஃபேஸ் ஐடிக்குப் பெரிய எஸ் எழுத்து, கட்டளை பைட்டுகள், டேட்டா வரும் திசை, பதிலுக்கும், கட்டளை தவறினால் ஏன் என்று சாதனம் சொல்லும் சென்ஸுக்கும் தனித்தனி பஃபர், மில்லிசெகண்டில் டைம்அவுட், இவற்றை நிரப்பி டிரைவரிடம் வேலை சொல்லும் எஸ்ஜி ஐஓ என்ற ஐஆக்டிஎல் சிஸ்டம் காலைக் கூப்பிடுங்கள். பெயர் கேட்கும் இன்குயரி கட்டளை 6 பைட்: முதல் பைட் ஹெக்ஸில் 12, ஐந்தாவது பைட்டில் 36 என்று பதிலின் நீளம், மற்றதெல்லாம் பூஜ்யம். பதிலில் முதல் 8 பைட்டைத் தாண்டினால் அடுத்த 8 பைட் கம்பெனி பெயருக்கான இடம், அப்புறம் 16 பைட் மாடல், கடைசி 4 பைட் ஃபர்ம்வேர் பதிப்பு. முதல் பைட்டை மட்டும் கவனமாக அடியுங்கள், 12-க்குப் பதில் 4 விழுந்தால் அது ஃபார்மேட் கட்டளை.

எல்லாரும் வழுக்குவது ஐஆக்டிஎல் திருப்பித் தரும் பூஜ்யத்தில். தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டார் என்பதுதான் அதற்கு அர்த்தம், சாதனம் ஒப்புக்கொண்டதா என்பது ஸ்ட்ரக்சரில் உள்ள ஸ்டேட்டஸ், ஹோஸ்ட் ஸ்டேட்டஸ், டிரைவர் ஸ்டேட்டஸ் மூன்றிலும்தான் தெரியும். ஒருமுறை கார்டு ரீடரில் கார்டை மாற்றிவிட்டுக் கொள்ளளவு கேட்டேன், ஐஆக்டிஎல் பூஜ்யம், பஃபரும் வெறும் பூஜ்யம். கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பியே விட்டேன். பிறகு பார்த்தால் ஸ்டேட்டஸில் 2, அதாவது சென்ஸைப் பார் என்று அர்த்தம், அங்கே சென்ஸ் கீ 6, இந்த இடத்தில் மீடியா மாறியிருக்கிறது என்று ரீடர் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது. அதே கட்டளையை இன்னொரு தடவை அனுப்பினேன், பதில் வந்துவிட்டது.