உதவியாளர்கள் ஏன் தங்கவில்லை? என் அனுபவம்

கோவையில் செல்லப்பிராணி கிளினிக் நடத்துகிறேன். ஒரே வருடத்தில் நான்கு உதவியாளர்கள் வேலையை விட்டுப் போனார்கள். சம்பளத்தில் 2,000 ரூபாய் கூட்டினேன், ஞாயிறு விடுமுறை கொடுத்தேன். பலன் இல்லை.

அப்புறம் வருகைப் பதிவேட்டைக் காயப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நால்வருமே நாய் கடித்தோ பூனை பிறாண்டியோ ஒரு வாரத்துக்குள் வராமல் போனவர்கள்! ஊசிக்கு அலைந்த நாட்களுக்குச் சம்பளமும் பிடித்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் பயம் வேறு.

இப்போது சேரும் நாளிலேயே ரேபிஸ் (வெறிநோய்) முன்தடுப்பூசி, அதாவது கடிபடும் முன்பே போடும் ஊசி, தொடங்குகிறேன்: 0, 7, 28ஆம் நாட்கள் (0 என்றால் முதல் ஊசி போடும் நாள்), என் செலவில். அதன்பின் கடிபட்டாலும் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, 0, 3ஆம் நாட்களில் ஊசி போட்டால் சரி, இம்யூனோகுளோபுலின் (காயத்தில் போடும் தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசி) தேவையில்லை. இதைச் சேருபவரின் அம்மாவிடமும் போனில் விளக்குகிறேன். சம்பளப் பிடித்தமும் கிடையாது.

பதினான்கு மாதமாக அதே இரண்டு பேர். அப்பாடா!