பெத்தாங் குண்டு வாங்கப் போறீங்களா, ஒரு நிமிஷம்

பாண்டில பெத்தாங் (தரையில கெடக்குற சின்ன மரக்குண்டுக்கு கிட்டப் போய் நிக்கற மாதிரி இரும்புக் குண்ட வீசுற பிரெஞ்சு ஆட்டம்) ஆட ஆரம்பிச்சாச்சு, எத்தன நாளைக்கு ஓசி குண்டுலயே போடுறது, சொந்தமா ஒரு செட்டு வாங்கலாம்னு தோணும். தாராளமா வாங்குங்க. ஆனா கிரவுண்டுல நின்னு "எந்த குண்டு நல்லாயிருக்கும்"னு சத்தமா மட்டும் கேட்டுறாதீங்க, ஆட்டம் 12-12ல இருந்தாலும் அப்படியே நின்னுடும், இன்னொரு பாயின்ட் எடுத்தா 13, ஜெயிச்சாச்சு, அது கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது.

விதி ரொம்ப சிம்பிள். எடை 650ல இருந்து 800 கிராம், குறுக்களவு 70.5ல இருந்து 80 மில்லிமீட்டர். மிச்சதெல்லாம் பெருசுங்க போட்டுக்கிட்ட சட்டம். சின்ன மரக்குண்டுக்கு பக்கத்துல நைசா கொண்டு போய் வைக்கிறவருக்கு சின்ன சைஸ், கொஞ்சம் கனம், மேல கோடு போட்டது. எதிராளி குண்ட அடிச்சு கெளப்புறவருக்கு லேசா, பெருசா, கோடு இல்லாம, கூடவே சாஃப்ட் ஸ்டீலா இருக்கணும், அப்பதான் அடிச்சதும் தெறிச்சு ஓடாம அடிவாங்கின குண்டோட இடத்துலயே உக்காரும், அதான் கரோ. இது வரைக்கும் நியாயம்தான். இதுக்கப்புறம்தான் 690ஆ 700ஆன்னு ஆரம்பிப்பாங்க. 10 கிராமுங்க, டீல போடுற ரெண்டு ஸ்பூன் சக்கரை. தன் டீல சக்கரை போட்டிருக்கா இல்லையான்னே தெரியாம குடிக்கிற பெருசு, குண்ட ஒரு தடவ கைல தூக்கிப் பாத்துட்டு "இன்னாபா இது, 700 மேல இருக்கும் போல, தோள்பட்ட போயிடும்"பாரு. குண்டுலயே 690னு பொறிச்சிருக்கும், அத காட்டுனா கம்பெனிக்காரன் தப்பா போட்டுட்டாம்பாரு.

நீங்க பாக்க வேண்டியது உங்க கை. கட்டவெரல் நுனிலேர்ந்து நடுவெரல் நுனி வரைக்கும் நல்லா விரிச்சு அளந்துக்கங்க, அந்த அளவுக்கு எந்த சைஸ்னு கம்பெனிக்காரங்க சார்ட்டு போட்டிருப்பாங்க. எடை சந்தேகம்னா நடுவுல 700 சுமாருக்கு ஒண்ணு எடுத்துட்டு வாய மூடிக்கங்க.

அடுத்த சண்ட கார்பன் ஸ்டீலா ஸ்டெயின்லெஸ்ஸா. கார்பன் கைல நல்லா ஒட்டும், விலையும் கம்மி, ஆனா நம்ம ஊரு உப்புக் காத்துக்கு ஒரு வாரம் தொடைக்காம விட்டா செவந்துடும். தெனம் எண்ணெத்துணி போட்டு தொடைக்கிற ஆளா நீங்க? வண்டி செயினுக்கே எண்ணெ விட மாட்டீங்க, ஸ்டெயின்லெஸ் எடுங்க.

மலிவா கெடைக்குதுன்னு உள்ள மணலோ சிமெண்டோ ரொப்புன பொழுதுபோக்கு செட்ட வாங்கிடாதீங்க, அத போட்டில விட மாட்டாங்க. போட்டி குண்டு உள்ள காலியாத்தான் இருக்கும்.

அப்புறம் கயித்துல கட்டின காந்தம். சிரிக்காதீங்க, குனியாம குண்டு எடுக்கறதுக்கு. இந்த ஆட்டமே 1900கள் தொடக்கத்துல பிரான்ஸ்ல லா சியோத்தாங்கற ஊர்ல, வாதம் வந்து ஓடிப்போய் போட முடியாத ஒருத்தருக்காக நின்ன எடத்துலயே போடலாம்னு மாத்துனதுதான். ஸ்டெயின்லெஸ் எடுக்கறவங்க மட்டும் காந்தம் ஒட்டுதான்னு கடையிலயே வச்சுப் பாத்துடுங்க, சிலது ஒட்டாது, அது தெரியாம வாங்கிட்டு வந்தா அடுத்த மூணு மாசத்துக்கு கிரவுண்டுல அதான் டாப்பிக்கு.