ப்ளே ஸ்கூலா, அங்கன்வாடியா? சேர்க்கும் முன் இதைப் பாருங்கள்

பிள்ளையைச் சேர்க்கும் முன், ஒரு சாதாரண நாளில் காலை பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். சேர்க்கை நாளில் எல்லா இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். கழிவறைக் குழாய் பிள்ளைக்கு எட்டுகிறதா? அழும் குழந்தையை டீச்சர் தூக்கிக்கொள்கிறாரா, அதட்டுகிறாரா? எனக்கு இதுதான் முக்கியம். மூன்று வயதில் பக்கம் பக்கமாக எழுத வைப்பதைப் பெருமையாகக் காட்டினால் தயங்குங்கள். அந்த விரல்களுக்கு இப்போது களிமண்ணும் மணலும்தான் தேவை.

பக்கத்துத் தெரு அங்கன்வாடியை ஒதுக்கிவிடாதீர்கள். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் நடப்பது அது. கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாடு, சில நாள் முட்டை, எடை பார்ப்பது எல்லாம் உண்டு. அப்புறம் தூரம். வேனில் முக்கால் மணி நேரம் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.